பழைய ஜிப்ஸிக்குப் பெட்ரோல் பம்ப்: கம்பெனிப் பெட்டியா, கடைப் பெட்டியா?

கேள்வி: என்னிடம் 2008 மாடல் மாருதி ஜிப்ஸி கிங், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பீச்சும் வகை) வண்டி இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருந்தால், பாதி மலையில் இழுவை குறைந்து, ஜெர்க் அடித்து நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஓடுகிறது. பின்பக்கம் ‘ஙீ’ என்று ஒரு சத்தமும் வருகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். கம்பெனி பம்ப் முழு செட்டாகத்தான் வருமாம், அதுவும் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டுமாம். கோவைக் கடையில் மோட்டார் மட்டும் அந்த விலையில் நாலில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது. டேங்கை இறக்கவே வேண்டாம், சேஸிஸில் வெளிப் பம்ப் ஒன்றை மாட்டிவிடலாம் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது?
— கோத்தகிரி வாசகர்

பதில்: வெளிப் பம்ப் வேண்டாம். பெயர் தெரியாத மலிவு மோட்டாரும் வேண்டாம். ஆனால் கம்பெனி செட்டுக்காகக் காத்திருந்துதான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பம்ப் தயாரிக்கும் நல்ல நிறுவனம் தன் சொந்தப் பெட்டியில் விற்கும் மோட்டார், கூடவே பம்பின் உறிஞ்சும் வாயில் மாட்டும் புது வலை, டேங்குக்குள் போடத் தகுந்த ஹோஸ், புது ஃபில்டர் என்று போட்டால் உங்கள் வண்டிக்குப் போதும். டேங்கின் வாயை மூடி, பம்பைத் தாங்கும் மேல்தட்டு துருப்பிடித்திருந்தால் மட்டும் கம்பெனி முழு செட்டை வாங்குங்கள்.

ஆனால் இதெல்லாம் பம்ப்தான் குற்றவாளி என்று உறுதியான பிறகு. நீங்கள் எழுதிய அறிகுறிகளில் பாதி, நல்ல பம்ப் இருக்கும் வண்டியிலும் வரக்கூடியவை. டேங்கின் கொள்ளளவு 40 லிட்டர். கால் பங்கு என்றால் 10 லிட்டர்தான். மேட்டில் ஏறும்போது அது டேங்கின் பின்பக்கம் சரிந்துவிடும். இன்ஜின் பக்கம் போய்ச் சூடாகித் திரும்பும் பெட்ரோல் அந்தப் பத்து லிட்டரைச் சீக்கிரம் சூடேற்றும். மோட்டாருக்குக் குளிர்ச்சியும் உயவும் தருவது அதைச் சுற்றியும் அதன் வழியாகவும் ஓடும் பெட்ரோல்தான். சுமார் 300 மீட்டரில் கிளம்பி 1,800 மீட்டர் வரை ஏறுகிறீர்கள். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இன்னும் குறைந்த சூட்டிலேயே ஆவியாகத் தொடங்கும். இத்தனையும் சேரும்போது, பாதி அடைந்த வலை ஒன்றே வண்டியை நிறுத்தப் போதும். நின்றதும் வலையில் ஒட்டிய குப்பை மெல்ல உதிரும், பெட்ரோல் ஆறும், வண்டி மறுபடி ஓடும். பம்ப் பிழைத்துவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

அதனால் முதலில் ஒரு பிரஷர் கேஜ். ஃபில்டருக்கும், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் பிரித்துக் கொடுக்கும் ரெயிலுக்கும் நடுவே டி வடிவ இணைப்பு போட்டு மாட்டச் சொல்லுங்கள். பம்ப் ஓடி, இன்ஜின் ஓடாத நிலையில் 38 முதல் 44 பி.எஸ்.ஐ. காட்ட வேண்டும். ஐடிலில் 30 முதல் 37. பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்குப் போகும் வேக்யூம் குழாயைக் கழற்றினால் மறுபடி 38க்கு மேல் ஏற வேண்டும். இன்ஜினை நிறுத்தி ஒரு நிமிடம் ஆன பிறகும் 29 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது. உடனே விழுந்தால் பம்புக்குள் பெட்ரோல் திரும்பி இறங்காமல் தடுக்கும் செக் வால்வு, டேங்குக்குள் இருக்கும் குட்டி ஹோஸ், ரெகுலேட்டர், இன்ஜெக்டர் இந்த நான்கில் ஒன்று கசிகிறது.

பிரஷர் குறைவாக இருந்தால், மிஞ்சிய பெட்ரோலை டேங்குக்குத் திருப்பும் ரிட்டர்ன் ஹோஸை ஓரிரு வினாடி மட்டும் அமுக்கிப் பிடிக்க வேண்டும். முள் 60ஐத் தாண்டி எகிறினால் பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது, கோளாறு ரெகுலேட்டரில். எகிறாவிட்டால் வலை, ஃபில்டர், பம்ப், மின்சாரம் என்று பின்பக்கமாகத் தேட வேண்டும். பதினைந்து வருட ஹோஸை இடுக்கியால் அழுத்தினால் வெடித்துவிடும். அந்த இடத்தில் தற்காலிகமாகப் புது ஹோஸ் துண்டு ஒன்றைப் போட்டு அதை அமுக்குவதே நல்லது.

அளவையும் பாருங்கள். ரிட்டர்ன் குழாயைக் கழற்றிக் கேனுக்குள் விட்டு, பம்பை 30 வினாடி ஓட்டினால் அரை லிட்டராவது வர வேண்டும். மணிக்கு 60 லிட்டர் கணக்கு அது. 80 குதிரைத்திறன் உள்ள உங்கள் 1.3 லிட்டர் இன்ஜின் முழு ஆக்ஸிலேட்டரில் குடிப்பதே மணிக்கு 25, 26 லிட்டர்தான். எனவே பாதி செத்த பம்ப்கூடச் சமவெளியில் வண்டியை ஓட்டிவிடும். மலையில், சூட்டில்தான் காட்டிக்கொடுக்கும். கேஜை நீள ஹோஸ் வைத்து வைப்பருக்கு அடியில் கட்டிக்கொண்டு ஒரு தடவை மலை ஏறிப் பார்ப்பது இதற்குச் சரியான சோதனை. கேஜ் கண்ணாடிக்கு வெளியே இருக்கட்டும், ஒருபோதும் உள்ளே கொண்டுவராதீர்கள். வண்டி நிற்கும் கணத்தில் முள் விழுந்தால் பெட்ரோல் பக்கம் கோளாறு. முள் அசையாமல் நிற்க வண்டி மட்டும் நின்றால் பம்பை விட்டுவிடுங்கள். சூட்டில் மக்கர் செய்யும் இக்னிஷன் காயில், கேம் சென்சார், மெயின் ரிலே இவற்றைப் பார்க்க வேண்டும்.

இதைவிடச் சுலபமான ஒரு சோதனையைப் பலரும் செய்வதே இல்லை: ஓடும்போது பம்பின் கனெக்டரில் எத்தனை வோல்ட் வருகிறது என்று பார்ப்பது. பேட்டரியில் 13.8 இருந்தால் பம்பில் 13க்குக் குறையக் கூடாது. பாசிட்டிவ் பக்கத்தையும் எர்த் பக்கத்தையும் தனித்தனியே அளக்க வேண்டும். எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. நீலகிரி ஈரத்தில் பின்பக்க எர்த் போல்ட் துருப்பிடிக்காமல் இருந்தால்தான் அதிசயம். 11 வோல்ட்டில் சுற்றும் பம்ப் எவ்வளவு விலை கொடுத்து வாங்கினதாக இருந்தாலும் பிரஷர் தராது. புது பம்ப் போட்டும் சரியாகாத வண்டிகளில் நிறையவும் இந்த ரகம்தான். கிளாம்ப் மீட்டர் இருந்தால் கரண்ட்டையும் பார்க்கலாம்: 4 முதல் 6 ஆம்பியர் இயல்பு. 8ஐத் தாண்டினால் உள்ளே இறுகுகிறது. 2, 3 ஆம்பியரே காட்டிக்கொண்டு ‘ஙீ’ என்று கத்தினால் பெட்ரோல் கிடைக்காமல் வெறுமனே சுற்றுகிறது; அப்போது முதல் சந்தேகம் வலை மேல்.

பம்ப்தான் என்று முடிவானது என்று வைத்துக்கொள்வோம். கடையில் ‘ஒரிஜினல்’, ‘டூப்ளிகேட்’ என்று இரண்டே சொல்வார்கள். உண்மையில் கடை மேசைக்கு வருபவை நாலு வகை. வண்டிக் கம்பெனியின் பெட்டியில் வருவது முதலாவது. அதே தரத்தில் மோட்டார் செய்யும் நிறுவனம் தன் பெயரில் விற்பது இரண்டாவது. பாஷ், டென்சோ மாதிரி. வண்டிக் கம்பெனிகள் பம்ப் மோட்டாரைத் தாங்களே செய்வது அபூர்வம், இப்படிப்பட்டவர்களிடம் வாங்கித் தங்கள் பெட்டியில் போடுவதுதான் வழக்கம். எனவே முதலுக்கும் இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் பெரும்பகுதி மேல்தட்டு, பெட்ரோல் அளவு காட்டும் மிதவை, பெட்டி இவற்றுக்கானது. மூன்றாவது, பல வண்டிக்கும் பொருந்தும் என்று அடாப்டர், இரண்டு மூன்று வலை எல்லாம் சேர்த்து வரும் பொது கிட். இதில் நல்லதும் உண்டு, குப்பையும் உண்டு. நான்காவது, முதல் இரண்டின் பெயரை அச்சடித்த போலி.

மலிவு மோட்டார் எங்கே கெடுகிறது? முதலில் செக் வால்வு. சில மாதத்திலேயே பிரஷர் நிற்காமல் போய், காலையில் செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டி வரும். சாவியை இரண்டு தடவை போட்டு எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் உடனே பிடிக்கிறது என்றால் இதுவே காரணம். அடுத்தது கம்யூட்டேட்டர், அதாவது பிரஷ் உரசி மோட்டாருக்குள் மின்சாரம் ஏற்றும் பகுதி. நல்ல பம்பில் கார்பன் முகம் இருக்கும், மலிவில் செம்பு. எத்தனால் கலந்த பெட்ரோல் செம்பை அரிக்கும், பிரஷ் சீக்கிரம் தேயும், ஒரு நாள் சூட்டில் தொடர்பு விட்டுப்போகும். டேங்கின் அடியில் தட்டினால் மறுபடி ஓடும். மூன்றாவது, பிரஷர் மிஞ்சினால் திறக்க உள்ளே இருக்கும் ரிலீஃப் வால்வு குறைந்த பிரஷரிலேயே திறந்துகொள்வது. இது ஐடிலில் தெரியாது, மலையில்தான் தெரியும்.

எத்தனால் பேச்சு வந்ததால் இதையும் சொல்ல வேண்டும். 2023இல் தொடங்கிய 20 சதவீத எத்தனால் கலப்பு 2025க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. 2008இல் வந்த வண்டியின் ரப்பர்கள் இதை எண்ணிச் செய்யப்பட்டவை அல்ல. ஆகவே கம்பெனிப் பெட்டி என்பதாலேயே கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த பழைய ஸ்டாக் கம்பெனி செட்டைவிட, எத்தனாலுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே குறிப்பிட்டு அண்மையில் பேக் செய்த மோட்டார் மேல். பெட்டியில் பேக் செய்த மாதம், வருடம் அச்சாகியிருக்கும். முதலில் அதைப் படியுங்கள். எத்தனால் இன்னொரு வேலையும் செய்யும்: டேங்கில் வருடக்கணக்கில் படிந்த பிசினை இளக்கிவிடும். அதெல்லாம் வந்து சேருமிடம் வலை. உங்கள் வலை அடைந்திருக்க இதுவே காரணமாகவும் இருக்கலாம்.

போலியைக் கண்டுபிடிக்கப் பெட்டியை மட்டும் நம்ப முடியாது, ஹாலோகிராமையே அச்சடிக்கிறார்கள். மோட்டாரைக் கையில் வாங்கிப் பாருங்கள். நல்லதில் பார்ட் நம்பரும் பேட்ச் நம்பரும் உலோக உடலிலேயே பொறித்திருக்கும். போலியில் ஸ்டிக்கரோ நகத்தால் சுரண்டினால் வரும் மையோ இருக்கும். உடலை மடித்து மூடிய விளிம்பு சுற்றிலும் ஒரே சீராக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் வாயில் வார்ப்புப் பிசிறு இருக்கக் கூடாது. பழையதைக் கையோடு கொண்டுபோய் விட்டம், நீளம், உறிஞ்சும் வாய் நடுவிலா ஓரத்திலா, கனெக்டர் எந்தப் பக்கம் என்று நாலையும் ஒத்துப் பாருங்கள். பார்ட் நம்பர் போட்ட ஜி.எஸ்.டி. பில் தராத கடையில் பம்ப் வாங்காதீர்கள். சென்னையில் என்றால் ஜி.பி. ரோட்டில் புதியது தேடலாம். புதுப்பேட்டையில் பழைய மோட்டார் வாங்குவது வீண். ஆனால் துருப்பிடிக்காத நல்ல மேல்தட்டு கிடைத்தால் அதை வாங்குவதில் தப்பில்லை.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள்: ‘ஓடுது பாருங்க’ என்று கடைக்காரர் பேட்டரியில் வயரைத் தொட்டுக் காட்டுவார், விடாதீர்கள். பெட்ரோல் இல்லாமல் சுற்றினால் உள்ளே உலர்ந்து உரசும், புது பம்பின் ஆயுளில் பாதி அங்கேயே போய்விடும்.

‘ரேசிங் பம்ப்’ என்று மணிக்கு 255 லிட்டர் தள்ளும் ஒன்றையும் காட்டுவார்கள். அது உங்களுக்கு உதவாது, கெடுதலே செய்யும். மிச்சமாகும் 230 லிட்டரும் ரெகுலேட்டர் வழியாகச் சின்ன ரிட்டர்ன் குழாயில் திரும்ப வேண்டும். முடியாமல் பிரஷர் ஏறும், காற்றோடு சேரும் பெட்ரோல் அளவு கூடும், மைலேஜ் விழும். கரண்ட்டும் அதிகம் இழுக்கும், டேங்கையும் சூடாக்கும். மலையில் நீங்கள் தவிர்க்கப் பார்ப்பதே அந்தச் சூட்டைத்தான்.

வெளிப் பம்ப் யோசனையும் இதே மாதிரிதான். இந்த வகை பம்ப் தள்ளுவதில் கெட்டி, உறிஞ்சுவதில் சோப்ளாங்கி. அதனால்தான் பெட்ரோலுக்குள்ளேயே முக்கி வைக்கிறார்கள். செத்த பம்பையும் அடைந்த வலையையும் உள்ளே விட்டுவிட்டு வெளியே ஒன்றை வைத்து அவற்றின் வழியே உறிஞ்சச் சொன்னால், சூட்டில் ஆவியைத்தான் உறிஞ்சும். இன்னொரு ஆபத்து: சில கடைகளில் கார்புரேட்டர் வண்டிக்கான சதுரப் பெட்டி மாதிரி மின் பம்பை இதற்குக் கொடுத்துவிடுகிறார்கள். அது 3 முதல் 5 பி.எஸ்.ஐ. தருவது, இன்ஜெக்டருக்கு எந்த மூலைக்கும் போதாது. 2000க்கு முந்தைய கார்புரேட்டர் ஜிப்ஸி வைத்திருப்பவர்கள் இதைத் தலைகீழாகப் படிக்கவும்: எம்.பி.எஃப்.ஐ. பம்பை அதில் மாட்டினால் பெட்ரோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசி தாங்காது, கார்புரேட்டர் வழிந்து தீப்பிடிக்க வழி ஆகிவிடும். அந்த வண்டிகளில் இன்ஜினில் மாட்டிய மெக்கானிக்கல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கை மோந்து பார்த்தாலே தெரியும்.

இனி மாட்டும் வேலை. நல்ல பம்பையும் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். டேங்கில் 5 லிட்டருக்குக் குறைவாக இருக்கும்போது, திறந்த வெளியில், தீயணைப்பானைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டும். பம்ப் ரிலேயைக் கழற்றிவிட்டு, நியூட்ரலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். பிறகு மூன்று வினாடி வீதம் இரண்டு மூன்று தடவை செல்ஃப் அடித்தால் குழாயில் பிரஷர் இறங்கிவிடும். டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். டேங்க் போல்ட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துவைத்தால் முறியாது. ஜாக்கியில் பலகை வைத்து டேங்கைத் தாங்கிக்கொண்டு, நிரப்பும் குழாய், காற்றுக் குழாய், இன்ஜினுக்குப் போகும் ஃபீட், ரிட்டர்ன், கனெக்டர் என்று கழற்றி இறக்க வேண்டும். எந்தக் குழாய் எதுவென்று டேப் ஒட்டி எழுதிவிடுங்கள். ஃபீடும் ரிட்டர்னும் மாறினால் புது பம்ப் போட்டும் வண்டி ஓடாது.

இறக்குவதற்குச் சோம்பல்பட்டு, டேங்க் மேலேயே இருக்கும்போது பின் தளத்தில் கிரைண்டர் போட்டு ஓட்டை வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் ஆவிக்கு மேல் தீப்பொறி! அடுத்த தடவைக்கு ஒரு மூடி வேண்டும் என்று ஆசைப்பட்டால், டேங்கை இறக்கி வெகுதூரம் வைத்த பிறகு வெட்டி, ரப்பர் வைத்து மூடுங்கள்.

மேல்தட்டைத் திறக்கும் முன் அதைச் சுற்றியுள்ள மண்ணைக் காற்றடித்துத் துடையுங்கள். இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் விழும். பழைய பம்பைக் கழற்றும் முன் தட்டிலிருந்து வலையின் அடிவரை உயரத்தை ஸ்கேலால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புதியதும் அதே உயரத்தில் உட்கார வேண்டும், வலை பழைய திசையிலேயே படுத்திருக்க வேண்டும். ஒரு அங்குலம் மேலே நின்றாலோ வலை மடங்கினாலோ, கால் டேங்கில் நிற்கும் உங்கள் பழைய நோய் புது பம்போடும் தொடரும்.

பம்பின் வாயையும் தட்டின் குழாயையும் சேர்க்கும் விரல் நீள ஹோஸ்தான் இந்த வேலையிலேயே அதிகம் ஏமாற்றுவது. சாதாரண ஃப்யூயல் ஹோஸ் உட்புறம் பெட்ரோலைத் தாங்கும், வெளிப்புறம் தாங்காது. டேங்குக்குள் முங்கிக் கிடந்தால் வெளிப்புறம் ஊறி, உப்பி, சில மாதத்தில் வெடிக்கும். பிரஷர் டேங்குக்குள்ளேயே கசியும், வெளியே சொட்டுத் தெரியாது, புது பம்ப் செத்துவிட்டது என்று தோன்றும். முங்கிக் கிடப்பதற்கென்றே செய்த, எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். ஆர்7 என்று இருந்தால் அது வெளியே போடுவது. ஹோஸின் விலை பம்போடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. கிளாம்பும் விளிம்பு மடிந்த இன்ஜெக்ஷன் கிளாம்பாக இருக்கட்டும். பல் வெட்டிய சாதாரண கிளாம்ப் ரப்பரை அறுத்துவிடும். வயர் கலரை மட்டும் நம்பாமல் பாசிட்டிவ், நெகட்டிவ் பார்த்து மாட்டுங்கள். மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும்; சத்தம் வரும், பிரஷர் வராது.

டேங்குக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள் என்று சொல்லமாட்டேன். தீப்பொறிக்கு வழியில்லாத விளக்கு இருந்தால் மட்டும் பாருங்கள், இல்லையென்றால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். செம்பட்டையாகப் பொடி தெரிந்தால் பம்ப் வேலையை நிறுத்திவிட்டு டேங்கைச் சுத்தம் செய்யக் கொடுங்கள். உள்ளே செதில் செதிலாக உரிந்தால் டேங்கையே மாற்ற வேண்டும். உள்பூச்சு ஊற்றி ஒப்பேற்றுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது உரிந்து வருவதும் வலைக்குத்தான். துருவோடு கழன்ற பம்புக்கு வாரன்ட்டி கேட்டாலும் கடையில் கைவிரித்துவிடுவார்கள்.

புது கேஸ்கெட், புது ஃபில்டர் போட்டு, ஃபில்டரின் அம்புக்குறி இன்ஜினைப் பார்க்க மாட்டி, டேங்கை ஏற்றியதும் குறைந்தது 10 லிட்டர் பெட்ரோல் ஊற்றுங்கள். சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று வினாடி ஓடி நிற்கும். நாலைந்து தடவை அப்படிச் செய்து, ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிக் கசிவு பார்த்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். பிறகு மறுபடி கேஜ், மறுபடி வோல்ட். இரண்டையும் ஒரு தாளில் எழுதி வண்டிப் புத்தகத்தில் வையுங்கள். இரண்டு வருடம் கழித்துச் சந்தேகம் வந்தால் ஒப்பிட ஒரு கணக்கு இருக்கும்.

விலை விஷயத்தில், மோட்டார் விலையை மட்டும் பார்க்காதீர்கள். டேங்கை இறக்கி ஏற்றும் கூலி எந்த பம்புக்கும் ஒன்றுதான். மலிவு மோட்டார் ஒரு வருடத்தில் போனால் அந்தக் கூலி இரண்டாவது தடவை, மலையிலிருந்து கட்டி இழுக்கும் செலவு தனி. ஜிப்ஸி பொதுச் சந்தையிலிருந்து 2019இல் விலகினாலும் ராணுவத்தில் ஓடும் வண்டிகளால் பாகங்கள் இன்னும் வற்றிவிடவில்லை, எனவே மேல்தட்டு துருப்பிடித்திருந்தால் ஆர்டர் போட்டுக் காத்திருக்கலாம். அதுவரை அரை டேங்குக்குக் கீழே போகாமல் ஓட்டுங்கள். ஸ்பேர் பம்ப் வாங்கி வண்டியில் வைக்க வேண்டாம், வழியில் டேங்கை இறக்கப்போவதில்லை. ஒரு பம்ப் ரிலே, இரண்டு ஃப்யூஸ், ஒரு ஃபில்டர், பம்புக்கு நேராக மின்சாரம் கொடுக்க ஃப்யூஸ் போட்ட நாலு மீட்டர் வயர் இருந்தால் போதும்.